நாபோத்தின் தோட்டமும் வில்லட் ஓடையும்

2025ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் தேதி மாலை 7 மணிக்கு அமெரிக்க செனட் அவையில் நியூஜெர்சி மாநில உறுப்பினர் கோரி புக்கர் பேச எழுந்தார். மறுநாள் இரவு 8 மணி கடந்த பிறகுதான் உரையை முடித்தார். மொத்தம் 25 மணி 5 நிமிடங்கள். அந்த அவையின் வரலாற்றில் பதிவாகியுள்ள மிக நீண்ட உரை இதுவே. அந்தச் செய்தியைக் கேட்டபோது, பழைய திரைப்படங்களை விரும்பிப் பார்ப்பவர்களின் நினைவுக்கு உடனே வந்தவர் அரசியல்வாதி எவரும் அல்லர். தொண்டை கட்டி, தலைமுடி கலைந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றபடி பேசும் ஒரு கற்பனை மனிதர். அவர் பெயர் ஜெஃபர்சன் ஸ்மித்.

'மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்' என்ற அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் 1939ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்தது. இயக்கியவர் ஃபிராங்க் கேப்ரா. 1897இல் இத்தாலியின் சிசிலித் தீவில் ஓர் ஏழைக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, 1903இல் பெற்றோருடன் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியவர். இவர் 1946இல் எடுத்த 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' படத்தை நம்மில் பலர் கிறிஸ்மஸ் காலத்தில் பார்த்திருப்போம். திரைப்படக் கலையின் நூற்றாண்டையொட்டி 1995இல் வத்திக்கான் வெளியிட்ட 45 சிறந்த படங்களின் பட்டியலில் அதுவும் ஒன்று. திருத்தந்தை 14ஆம் லியோ 2025 நவம்பரில் திரைத்துறையினரைச் சந்தித்தபோது, அவருக்கு மிகவும் பிடித்தவையாகக் குறிப்பிடப்பட்ட நான்கு படங்களிலும் அது இடம்பெற்றிருந்தது. ஸ்மித்தின் கதை வத்திக்கான் பட்டியலில் இல்லை. ஆனால் ஒரு கிறிஸ்தவர் தம் மனச்சான்றைச் சோதித்துப் பார்க்க இரண்டில் எது அதிகம் உதவும் என்று கேட்டால், நான் ஸ்மித்தைத்தான் சொல்வேன். ஸ்மித் ஒரு வீரர் என்பதற்காக அல்ல. அந்தப் படத்தில் ஜோசப் பெய்ன் என்ற இன்னொருவர் இருக்கிறார் என்பதற்காக.

கதை இதுதான். பெயர் சொல்லப்படாத ஒரு மாநிலத்தின் செனட் உறுப்பினர் இறந்துவிடுகிறார். அந்த இடத்துக்கு ஒருவரை நியமிக்க வேண்டியவர் மாநில ஆளுநர். ஆனால் ஆளுநரின் குடுமி ஜிம் டெய்லர் என்ற பணக்காரரின் கையில். டெய்லர் ஒரு பொம்மை ஆளைச் சொல்கிறார். பொதுமக்களோ ஒரு சீர்திருத்தவாதியைக் கேட்கிறார்கள். ஆளுநரின் பிள்ளைகள் மட்டும் சாரணர் இயக்கம் போன்ற ஒரு சிறுவர் அமைப்பின் தலைவரான ஸ்மித்தின் பெயரைச் சொல்லி நச்சரிக்கிறார்கள். குழம்பிய ஆளுநர் நாணயத்தைச் சுண்டுகிறார். அது பூவும் விழாமல் தலையும் விழாமல் விளிம்பில் நின்றுவிடுகிறது. அது சாய்ந்து நின்ற இடத்தில் ஸ்மித்தைப் பற்றிய செய்தித்தாள். இப்படித்தான் நம் கதாநாயகன் செனட்டர் ஆகிறார். உலகம் தெரியாத பிள்ளை, தொந்தரவு தரமாட்டான் என்பதுதான் பெரியவர்களின் கணக்கு.

வாஷிங்டன் சேர்ந்ததும் ஸ்மித் செய்யும் முதல் வேலை, உடன் வந்தவர்களை நிலையத்திலேயே விட்டுவிட்டு ஊர் சுற்றிப் பார்ப்பது! ஆபிரகாம் லிங்கனின் நினைவகத்தில் ஒரு சிறுவன் தன் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு சுவரில் பொறித்த சொற்களை எழுத்துக்கூட்டி வாசிப்பதைக் கண்டு உருகி நிற்கிறார். பிறகு தம் மனத்தில் இருந்த ஒரே சட்ட முன்வரைவைத் தயாரிக்கிறார். நாட்டின் சிறுவர்கள் எல்லாரும், ஏழை பணக்காரர் வேறுபாடின்றி, ஒன்றாகத் தங்கி இயற்கையோடு வளர ஒரு முகாம். அரசு கடனாகப் பணம் தந்தால் போதும். சிறுவர்கள் தங்கள் சில்லறைக் காசைச் சேர்த்தே அதை அடைத்துவிடுவார்கள். முகாமுக்கு அவர் தேர்ந்த இடம் தம் சொந்த மாநிலத்தில் ஓடும் வில்லட் ஓடையின் கரை.

வம்பு அங்கேதான் தொடங்குகிறது. அதே ஓடையில் ஓர் அணை கட்டுவதற்கான பிரிவு, பெரியதொரு நிதி மசோதாவின் நடுவே யார் கண்ணிலும் படாமல் செருகப்பட்டிருக்கிறது. அந்த அணைக்குத் தேவை எதுவும் இல்லை. ஆனால் அதைச் சுற்றியுள்ள நிலத்தை டெய்லரின் கூட்டம் பினாமிப் பெயர்களில் முன்னதாகவே வாங்கிப் போட்டிருக்கிறது. சட்டம் நிறைவேறினால் அரசு அந்த நிலத்தை நல்ல விலைக்கு வாங்கியாக வேண்டும். பணம் மக்களுடையது, இலாபம் டெய்லருடையது. இதை அவைக்குக் கொண்டுவந்தவர் மாநிலத்தின் மூத்த செனட்டர் ஜோசப் பெய்ன். ஸ்மித்தின் மறைந்த தந்தையினுடைய உயிர் நண்பர்.

திருவிவிலியத்தை வாசிக்கும் எவருக்கும் இந்த இடத்தில் ஒரு திராட்சைத் தோட்டம் நினைவுக்கு வர வேண்டும். அரசன் ஆகாபின் அரண்மனை அருகே நாபோத்துக்கு ஒரு தோட்டம் இருந்தது (1 அரசர்கள் 21). அரசன் விலைக்குக் கேட்டான், மாற்றுத் தோட்டம் தருவதாகவும் சொன்னான். மூதாதையரின் உரிமைச் சொத்தைத் தர முடியாது என்று நாபோத்து மறுத்தான். அரசி ஈசபேல் என்ன செய்தாள்? படை அனுப்பவில்லை. கடிதம் எழுதினாள். அரசனின் பெயரால் எழுதி, அரசனின் முத்திரையை இட்டு, நகரின் பெரியோர்களுக்கு அனுப்பினாள். நோன்பு அறிவியுங்கள், நாபோத்தை மக்கள் முன் அமர்த்துங்கள், இரண்டு கயவர்களைச் சாட்சிகளாக நிறுத்துங்கள் என்று ஏற்பாடு. எல்லாம் முறைப்படி நடந்தது. குற்றச்சாட்டு இருந்தது, சாட்சி இருந்தது, தீர்ப்பு இருந்தது. நாபோத்து கல்லால் எறியப்பட்டு இறந்தான்.

ஸ்மித்துக்கு நடப்பதும் இதுவே. அவருடைய செயலாளர் சாண்டர்ஸ் வழியாக அணையின் இரகசியம் தெரிய வந்ததும், முதலில் டெய்லர் அவரை வாங்கப் பார்க்கிறார். எந்தத் தொழில் வேண்டும், எந்தப் பதவி வேண்டும், கேள் என்கிறார். ஸ்மித் மறுக்கிறார். அடுத்த நாள் அவர் அவையில் எழுந்து அணையைப் பற்றிப் பேச முயலும்போது, பெய்ன் முந்திக்கொள்கிறார். முகாமுக்காகக் குறிக்கப்பட்ட நிலம் ஸ்மித்தின் சொந்த நிலம். சிறுவர்களின் காசைக் கொண்டு தாம் இலாபம் அடையவே இந்தத் திட்டம் என்று குற்றம் சாட்டுகிறார். விசாரணைக் குழுவின் முன் ஸ்மித்தின் போலிக் கையெழுத்திட்ட பத்திரம் வருகிறது. பொய்ச் சாட்சிகள் ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள். டெய்லர் செய்த குற்றத்தை அப்படியே எடுத்து ஸ்மித்தின் தலையில் வைத்துவிட்டார்கள். நாபோத்தின் மீது சுமத்தப்பட்டது கடவுளையும் அரசனையும் பழித்த குற்றம். பக்தியுள்ள அவன்மீது பக்தியின்மைப் பழி. அவதூறு எப்போதும் இப்படித்தான் வேலை செய்கிறது. ஒருவரிடம் எது சிறந்ததோ, அதையே கறையாக்கிவிடும்.

ஸ்மித்தின் தந்தையின் கதையும் நாபோத்தின் கதைதான் என்பதை இங்கே சொல்ல வேண்டும். அவர் நான்கு பக்கச் செய்தித்தாள் நடத்திய பத்திரிகையாசிரியர். தன் சுரங்க உரிமையை விட்டுக்கொடுக்க மறுத்த ஒரே ஒரு சிறு தொழிலாளிக்காக, ஒரு பெரிய சுரங்க நிறுவனத்தை எதிர்த்து எழுதினார். ஒரு நாள் காலை தலையில் தொப்பியோடு மேசைமேல் சாய்ந்து கிடந்தார்; முதுகில் குண்டு. இந்தக் கதையை இரயில் பயணத்தில் ஸ்மித்துக்கு நினைவுபடுத்துபவர் பெய்ன்தான். அவரும் அந்தப் பழைய நண்பரும் தோற்றுப்போகும் என்று தெரிந்த வழக்குகளுக்காகவே போராடியவர்கள் என்று ஊரில் பெயர். சொல்லும்போது பெய்னின் கண்கள் வேறெங்கோ பார்க்கின்றன. கிளாட் ரெயின்ஸ் என்ற அந்த நடிகரின் முகத்தை அந்தக் காட்சியில் கவனியுங்கள்.

பெய்ன் யார்?

படத்தின் வில்லன் டெய்லர் என்று சொல்வது எளிது. ஆனால் டெய்லரைப் பார்த்து நாம் யாரும் நம்மையே அடையாளம் கண்டுகொள்ளப் போவதில்லை. அவர் மிரட்டுகிறார், சுருட்டுப் பிடிக்கிறார், சிரிக்கிறார், அவ்வளவுதான். பெய்ன் அப்படியல்ல. வெள்ளை முடி, கனிந்த குரல், கண்ணியமான பேச்சு. மாநிலத்தில் எல்லாரும் மதிக்கும் மனிதர். ஸ்மித்தை அவர் உண்மையிலேயே நேசிக்கிறார். அந்தப் பையனை அழிக்கும் வேலையில் தமக்குப் பங்கு வேண்டாம் என்று டெய்லரிடம் மன்றாடவும் செய்கிறார். டெய்லர் அவருக்கு நினைவுபடுத்துவது ஒன்றைத்தான்: உன்னை இந்த உயரத்துக்குத் தூக்கி வைத்தது யார்? நாட்டின் அதிபர் வேட்பாளராகவும் தம் பெயர் அடிபடும் நேரம் அது. பெய்ன் அடங்கிப்போகிறார்.

ஸ்மித்தைத் தனியே சந்தித்து அவர் பேசும் காட்சிதான் இந்தப் படத்தின் இதயம் என்று நான் நினைக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு முன் தாமும் ஸ்மித்தைப் போலவே இருந்ததாகச் சொல்கிறார். இன்று ஸ்மித் எடுக்க வேண்டிய முடிவைத் தாமும் அன்று எடுக்க வேண்டியிருந்ததாம். சமரசம் செய்துகொண்டாராம். ஏன்? அந்த ஒன்றில் விட்டுக்கொடுத்ததால்தான், வேறு ஆயிரம் வழிகளில் மக்களுக்கு நேர்மையாகச் சேவை செய்ய முடிந்ததாம். மாநிலத்தில் வேலையின்மை குறைவு, நடுவண் அரசின் நிதியுதவி அதிகம் என்று கணக்கும் காட்டுகிறார். அவர் காட்டும் கணக்கு பொய் என்று படம் எங்கும் சொல்லவில்லை. அதுதான் கலங்க வைக்கிறது. பெய்ன் உண்மையிலேயே நல்லது செய்திருக்கிறார்.

அன்பார்ந்தவர்களே, இந்தப் பேச்சை நாம் எத்தனை இடங்களில் கேட்டிருக்கிறோம்! அலுவலகத்தில், சங்கத்தில், குடும்பத்தில், ஏன், நம் பங்குப் பேரவையில்கூட. ஒரு கணக்கில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டால் கோவில் கட்டி முடிந்துவிடும். இந்த ஒருவரை மட்டும் பகைத்துக்கொள்ளாமல் இருந்தால் பள்ளிக்கு அனுமதி கிடைத்துவிடும். நன்மைக்காகத்தானே, நமக்காகவா செய்கிறோம்? பெய்னும் தம் சட்டைப் பையில் பணம் போட்டுக்கொண்டதாகப் படம் காட்டவில்லை. அவர் விற்றது வேறு ஒன்றை.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் பாவத்துக்கும் ஊழலுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் பலமுறை வலியுறுத்திப் பேசினார். புவனோஸ் ஐரஸ் நகரின் பேராயராக இருந்த நாள்களிலேயே, 2005இல், அதுபற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். 2013ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் தேதி சாந்தா மார்த்தா இல்லச் சிற்றாலயத்தில் ஆற்றிய மறையுரையில், ஒரு கையால் திருச்சபைக்குக் கொடுத்துக்கொண்டே மறு கையால் நாட்டிடமிருந்தும் ஏழைகளிடமிருந்தும் திருடும் கொடையாளரைப் பற்றிச் சொன்னார். பாவி தவறி விழுகிறார், வெட்கப்படுகிறார், எழுந்து வந்து மன்னிப்புக் கேட்கிறார். ஊழலில் ஊறியவரோ இரட்டை வாழ்க்கை வாழ்கிறார். வெளியே மரியாதைக்குரியவர், உள்ளே அழுகல். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு எழுவதில்லை. ஏனெனில் தாம் செய்வதற்கெல்லாம் அவரிடம் ஒரு நல்ல காரணம் இருக்கிறது. 2015இல் இரக்கத்தின் யூபிலியை அறிவித்த ஆணையோலையிலும் (எண் 19) ஊழலைச் சீழ்பிடித்த புண்ணுக்கு ஒப்பிட்டு, அதில் சிக்கியவர்களை மனம் மாற அழைத்தார். 2004இல் வெளியான திருச்சபையின் சமூகப் படிப்பினைத் தொகுப்பு (எண் 411), மக்களாட்சி முறையைச் சிதைக்கும் மிகக் கடுமையான தீமைகளுள் ஒன்றாக அரசியல் ஊழலைக் குறிப்பிடுகிறது.

இந்தப் பின்னணியில் பெய்னைப் பார்த்தால், அவர் இன்னும் முழுவதும் அழுகிவிடவில்லை என்பது தெரிகிறது. ஸ்மித்தின் முகத்தை நேராகப் பார்க்க அவரால் முடிவதில்லை. அந்தக் கூச்சமே அவரிடம் எஞ்சியிருந்த அருள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் மனச்சான்றை மனிதர் கடவுளோடு தனித்திருக்கும் இரகசியத் திருத்தலமாக விளக்குகிறது (இன்றைய உலகில் திருச்சபை, எண் 16). பெய்னின் திருத்தலம் பூட்டிக் கிடந்தது, இடிந்துவிடவில்லை.

இருபத்து நான்கு மணி நேரம்

அவையிலிருந்து வெளியேற்றப்படும் நிலையில், எல்லாரும் கைவிட்ட இரவில், ஸ்மித் பெட்டியைக் கட்டிக்கொண்டு மீண்டும் லிங்கன் நினைவகத்துக்குப் போய் அமர்ந்து அழுகிறார். அங்கே அவரைத் தேடி வருபவர் சாண்டர்ஸ். அரசியலின் எல்லா அழுக்கையும் பார்த்துப் பார்த்து எதிலும் நம்பிக்கை இழந்திருந்த பெண் அவர். ஸ்மித்தை நம்பத் தொடங்கியதால் இப்போது அவர்தான் ஸ்மித்துக்கு நம்பிக்கை ஊட்டுகிறார். (சீடர்கள் ஓடிப்போன பின் கல்லறைக்குச் சென்றவர்கள் பெண்கள் என்பது எனக்கு நினைவு வந்தது.) செனட் அவையின் விதிகளைச் சொல்லிக் கொடுப்பதும் அவரே.

அந்த விதி எளிமையானது. செனட்டில் ஒருவருக்குப் பேசும் உரிமை கிடைத்துவிட்டால், அவர் அமராமலும் அவையை விட்டு வெளியேறாமலும் இருக்கும்வரை அவரை யாரும் நிறுத்த முடியாது. இதற்கு 'ஃபிலிபஸ்டர்' என்று பெயர். மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் வாக்களித்தால் விவாதத்தை முடிக்கலாம் என்று 1917இல் ஒரு விதி வந்தது. 1975இல் அது நூற்றுக்கு அறுபது பேர் என்று மாற்றப்பட்டது. இன்று பெரும்பாலும் யாரும் மணிக்கணக்காக நிற்பதில்லை. தடுக்கப்போகிறோம் என்று தெரிவித்தாலே போதும், அறுபது வாக்கு சேராவிட்டால் மசோதா நின்றுவிடும். ஸ்மித்தின் காலத்தில் அதற்கு உடலை விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது. ஏறக்குறைய 24 மணி நேரம் அவர் நிற்கிறார். அரசியல் சட்டத்தை வாசிக்கிறார், களைத்துப்போகிறார், குரல் போய்விடுகிறது. அந்தக் கரகரப்பு இயல்பாக ஒலிப்பதற்காக நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட், மருத்துவர் ஒருவரைக் கொண்டு தம் தொண்டையில் பாதரசக் கலவை தடவிக்கொண்டாராம். முடிவில் பெய்னை நோக்கித் திரும்பி, தோற்றுப்போகும் வழக்குகளுக்காக மனிதர் ஏன் போராடுகிறார்கள் என்பதை ஸ்மித் அவருக்கே நினைவூட்டுகிறார். காரணம் ஒன்றே ஒன்று: அயலாரை அன்பு செய்யச் சொல்லும் அந்த எளிய கட்டளை (மத்தேயு 22:39).

இதற்கிடையே வெளியே டெய்லரின் இயந்திரம் சுழல்கிறது. மாநிலத்தின் செய்தித்தாள்களும் வானொலியும் அவர் கையில். ஸ்மித் சொல்வது எதுவும் அவருடைய சொந்த மக்களுக்குப் போய்ச் சேர்வதில்லை. அவர் திருடர் என்ற செய்தி மட்டுமே போகிறது. சிறுவர்கள் தங்கள் சின்ன அச்சுப்பொறியில் உண்மையை அச்சிட்டு வீடு வீடாகக் கொடுக்கப் புறப்படுகிறார்கள். அடியாட்கள் அவர்களைத் தாக்குகிறார்கள். பிறகு அவைக்குள் கூடை கூடையாகத் தந்திகள் வருகின்றன. ஸ்மித் விலக வேண்டும் என்று கோரும் ஐம்பதாயிரம் தந்திகள். தம் மக்கள் தம்மோடு இருப்பார்கள் என்று நம்பி நின்றவர், கைநிறைய அந்தத் தாள்களை அள்ளிப் பார்க்கும் காட்சியை மறக்க முடியாது. தந்திகள் இன்று இல்லை. மற்றபடி என்ன மாறியிருக்கிறது? பொதுமக்களின் கருத்து என்ற பெயரில் யாரோ தயாரித்து அனுப்பும் செய்திகளை நாம் நாள்தோறும் கைப்பேசியில் பெறுகிறோம், ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு வருவதற்குள் பத்துப் பேருக்கு அனுப்பியும் விடுகிறோம். திருத்தந்தை பிரான்சிஸ் 2018ஆம் ஆண்டின் உலக சமூகத் தொடர்பு நாள் செய்தியைப் பொய்ச் செய்திகளைப் பற்றியே எழுதினார். நாபோத்தின் நகரப் பெரியோர்கள் ஒருவேளை நல்லவர்களாகவே இருந்திருக்கலாம். அவர்கள் செய்தது, வந்த கடிதத்தில் இருந்தபடி செய்தது மட்டுமே.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. ஸ்மித்தின் இதே ஆயுதத்தை உண்மை வரலாற்றில் யார் அதிகம் பயன்படுத்தினார்கள் என்று பார்த்தால் மனம் கனக்கிறது. புக்கருக்கு முன் நீண்ட உரைக்கான சாதனை ஸ்ட்ராம் தர்மண்ட் என்பவரிடம் இருந்தது. 1957இல் 24 மணி 18 நிமிடம் அவர் நின்று பேசியது, கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பாதுகாக்க வந்த குடியுரிமைச் சட்டத்தைத் தடுப்பதற்காக. 1964இல் இன்னும் பெரிய குடியுரிமைச் சட்டம் வந்தபோது எதிர்ப்பாளர்கள் மாறி மாறிப் பேசி அறுபது வேலை நாள்களைக் கடத்தினார்கள். ஜூன் 10ஆம் தேதி 71க்கு 29 என்ற வாக்கில்தான் அந்தப் பேச்சு நிறுத்தப்பட்டது. தர்மண்டும் அமராமல்தான் நின்றார். அவரும் தம் மனச்சான்றின்படி நடப்பதாகவே சொல்லியிருப்பார். தனியாக நிற்பதால் மட்டும் ஒருவர் இறைவாக்கினர் ஆகிவிடுவதில்லை. மனச்சான்றுக்குப் பயிற்சி தேவை, அதுவும் வாழ்நாள் முழுவதும் தேவை என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண்கள் 1783, 1784) சொல்வது இதனால்தான். யாருக்காக நிற்கிறோம் என்று பார்க்க வேண்டும். நாபோத்துக்காகவா, ஆகாபுக்காகவா?

படமும் இந்தக் குறைக்கு முழுவதும் தப்பவில்லை. லிங்கன் நினைவகக் காட்சியில் ஒரு கறுப்பின முதியவர் வந்து தொப்பியைக் கழற்றி நிற்கிறார். அழகான காட்சி, ஆனால் அவருக்குப் பேச ஒரு வரியும் இல்லை. 1939ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா நாளில், ஏப்ரல் 9ஆம் தேதி, இதே நினைவகத்தின் படிகளில் மரியன் ஆண்டர்சன் என்ற கறுப்பினப் பாடகி ஏறத்தாழ 75,000 பேர் முன்னிலையில் பாடினார். நகரின் கான்ஸ்டிடியூஷன் ஹால் அரங்கம் நிறத்தைக் காரணம் காட்டி அவருக்கு மறுக்கப்பட்டதால்தான் அவர் வெட்டவெளியில் பாட நேர்ந்தது. ஆறு மாதம் கழித்து, அக்டோபர் 17 அன்று, ஸ்மித்தின் படம் முதன்முதலில் திரையிடப்பட்டது அதே கான்ஸ்டிடியூஷன் ஹாலில்.

பெயர் கெட்டுவிடுமே!

அந்த முதல் திரையிடலுக்கு செனட்டர்கள் பலர் அழைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களுக்குப் படம் பிடிக்கவில்லை. செனட்டின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் ஆல்பன் பார்க்லி, இது அவையைத் திருடர்களின் கூட்டமாகக் காட்டும் முட்டாள்தனமான படம் என்று பத்திரிகைகளிடம் சாடினார். இதில் கத்தோலிக்கர்களான நாம் கவனிக்க வேண்டிய இரண்டு பெயர்கள் உண்டு.

ஒருவர் ஜோசப் பிரீன். ஆலிவுட் படங்களுக்கான ஒழுக்க விதித்தொகுப்பை 1930இல் எழுதியவர்களுள் ஒருவர் இயேசு சபை அருள்பணியாளர் டேனியல் லார்டு. அந்த விதிகளை 1934 முதல் நடைமுறைப்படுத்திய அலுவலகத்தின் தலைவர்தான் பிரீன், பக்தியுள்ள கத்தோலிக்கர். திருத்தந்தை 11ஆம் பயஸ் 1936இல் திரைப்படங்களைப் பற்றிச் சுற்றுமடல் எழுதி, அமெரிக்கக் கத்தோலிக்கர்களின் முயற்சியைப் பாராட்டிய காலம் அது. இந்தக் கதை 1938இல் வேறு நிறுவனங்களின் கையில் இருந்தபோது, அரசு முறையைத் தாழ்வாகக் காட்டும் என்று பிரீன் எச்சரித்தார். பின்னர் கேப்ராவின் திரைக்கதையைப் படித்தபோது மனம் மாறிப் பாராட்டினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மற்றவர் ஜோசப் கென்னடி. அப்போது இங்கிலாந்தில் அமெரிக்கத் தூதர், பின்னாளில் அமெரிக்காவின் முதல் கத்தோலிக்க அதிபரான ஜான் கென்னடியின் தந்தை. ஐரோப்பாவில் போர் தொடங்கிவிட்ட நேரத்தில் இந்தப் படம் அமெரிக்காவின் மதிப்பைக் கெடுக்கும் என்று கொலம்பியா நிறுவனத் தலைவருக்கு எழுதினார். நிறுவனம் கேட்கவில்லை. நாசிப் படைகளின் பிடியிலிருந்த பிரான்சில் 1942இல் அமெரிக்கப் படங்களுக்குத் தடை வரும் முன், மக்கள் கடைசியாகக் கூடிப் பார்த்த படங்களில் இதுவும் ஒன்று என்று கேப்ரா தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

இந்த இருவரும் கெட்ட எண்ணத்தால் அஞ்சவில்லை. தாங்கள் நேசித்த ஓர் அமைப்பின் பெயர் கெட்டுவிடக் கூடாதே என்று அஞ்சினார்கள். இந்த அச்சம் நமக்குப் புதிதா? நிறுவனத்தின் நற்பெயருக்காக உண்மையை அடக்கி வைத்ததனால் சிறியோருக்கு நேர்ந்த காயங்களைத் திருச்சபை கடந்த சில பத்தாண்டுகளில் கண்ணீரோடு கற்றுக்கொண்டிருக்கிறது. வெளியே சொன்னால் பெயர் கெடும் என்பது பெய்னின் குரல்தான், அது எந்தப் பீடத்திலிருந்து வந்தாலும்.

திரைக்கதை எழுதிய சிட்னி பக்மனுக்கும் ஒரு பின்கதை உண்டு. 1950களின் தொடக்கத்தில், தாம் முன்பு கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்ததை நாடாளுமன்றக் குழுவின் முன் அவர் ஒப்புக்கொண்டார். நண்பர்களின் பெயர்களைக் காட்டிக்கொடுக்க மட்டும் மறுத்தார். நாடாளுமன்றத்தை அவமதித்ததாகத் தண்டிக்கப்பட்டார்; ஆலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் சேர்ந்து பல ஆண்டுகள் வேலை இழந்தார். படம் வெளியானபோது சினமுற்ற அதே நாடாளுமன்றம், 1989இல் தன் நூலகத்தின் வழியாகத் தேசியத் திரைப்படப் பதிவேட்டைத் தொடங்கியபோது, பாதுகாக்கத் தேர்ந்த முதல் 25 படங்களில் இதையும் வைத்தது.

இனி கதையின் முடிவுக்கு வருவோம். ஐம்பதாயிரம் தந்திகளின் நடுவே ஸ்மித் மயங்கி விழுகிறார். பெய்ன் அவையிலிருந்து வெளியே ஓடுகிறார். துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. தம்மையே சுட்டுக்கொள்ள முயன்ற அவரை மற்றவர்கள் தடுத்துவிடுகிறார்கள். அவர் திரும்ப அவைக்குள் ஓடி வந்து, வெளியேற்றப்பட வேண்டியவர் தாமே, அந்தப் பையன் சொன்னது முழுவதும் உண்மை என்று எல்லார் முன்னும் கத்துகிறார். யூதாசின் வழியில் சில அடிகள் சென்றவர், பேதுருவின் வழிக்குத் திரும்புகிறார் (லூக்கா 22:61-62). ஆகாபின் கதையும் எலியாவின் சாபத்தோடு முடிவதில்லை என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். ஆகாபு தன் ஆடைகளைக் கிழித்துக்கொண்டு, சாக்கு உடுத்தி, நோன்பிருந்து, பணிவோடு நடந்தான். அவன் தன்னைத் தாழ்த்திக்கொண்டதை ஆண்டவரே எலியாவுக்குச் சுட்டிக்காட்டினார் (1 அரசர்கள் 21:27-29). நாபோத்துக்கு உயிர் திரும்பவில்லை, தோட்டம் யாருக்குப் போயிற்று என்றும் அந்த இடத்தில் சொல்லப்படவில்லை.

கேப்ரா முதலில் வேறொரு முடிவைப் படம்பிடித்திருந்தார். ஸ்மித் சொந்த ஊர் திரும்புகிறார், ஊர்வலம், மக்கள் ஆரவாரம். முன்னோட்டக் காட்சிக்குப் பிறகு அதை வெட்டிவிட்டார். அதனால் இன்று நாம் பார்க்கும் படத்தில் அணை கட்டப்பட்டதா, டெய்லர் சிறைக்குப் போனாரா, சிறுவர் முகாம் வந்ததா, எதுவும் தெரியாது. பெய்னின் அறிக்கையை ஸ்மித் கேட்டாரா என்பதுகூடத் தெரியாது; அவர் நினைவிழந்து கிடக்கிறார். அவையின் தலைவர் நாற்காலியில் சாய்ந்து, சுத்தியலை வைத்துவிட்டு, மெல்லச் சிரிக்கிறார். அத்தோடு திரை இருண்டுவிடுகிறது.